எச்சம்

ஆக்சிஜன் எட்டாத தொட்டிக்குள்
மூங்கில் வளையங்களின் மேல்
அரை மில்லிமீட்டர் தடிப்பில் ஓர் ஊர்.
வெளித்தோலில் இருப்பவை மாவைப் புளிக்க வைக்கும்.
உள்ளே இருப்பவை அந்தப் புளிப்பைத் தின்று
வாயுவாக விடும்.
ஒன்றின் கழிவு அடுத்ததற்கு விருந்து.
என் கோப்பில் இத்தனையும்
ஐந்து வகைக்கெழுச் சமன்பாடுகள்.

பரானா மாநிலத்தின் மேற்கே
செம்மண் சாலை தீர்ந்துபோகிற இடத்தில்
மரவள்ளி மாவு ஆலை.
கிழங்கு பிழிந்த நீர் மஞ்சளாக வரும்,
கசப்போடும் கொஞ்சம் சயனைடோடும்.
முன்பெல்லாம் நேரே ஓடைக்குப் போய்
மீன்களைப் புரட்டிப் போடும்.
இப்போது மூன்று கனமீட்டர் சோதனைத் தொட்டி,
அதற்கு ஒரு வருட நிதி,
அதற்கு ஒரு நான்.

படலத்துக்குள் உணவு எவ்வளவு ஆழம் இறங்கும்,
எங்கே தீரும்,
தடித்த தோல் எந்த நாளில் உரிந்து விழும்
எல்லாம் என் வளைகோடு சொன்னது.
வெளியேறும் நீரை அச்சாகச் சொன்னது.
வாயுவில் மட்டும் கணக்கு இடித்தது.
நாளுக்கு ஒன்பது என்றேன்.
மீட்டர் எட்டு என்றது.
மறுநாளும் எட்டு. அதற்கு மறுநாள் எட்டே கால்.

கணித்ததற்கும் கிடைத்ததற்கும் நடுவே கிடப்பதை
எச்சம் என்கிறோம்.
பறவை போட்டுவிட்டுப் போவதும் அதுதான்.
இலக்கணத்தில் முடியாமல் நிற்கும் வினையும் அதுதான்:
வந்து, தின்று, போய்...
யார்?

சயனைடைச் சந்தேகித்தேன்.
ஜூலைக் குளிரைச் சந்தேகித்துத் தொட்டிக்குக் கண்ணாடிக் கம்பளி போர்த்தினேன்.
நீரில் கரைந்து தப்பும் மீத்தேனைக் கூட்டிப் பார்த்தேன்,
அது கைப்பிடி அளவு.
கடைசியில் மீத்தேன் உயிர்களின் பசியையே
மூன்றாம் தசமத்தில் குறைத்தேன்.
கோடு புள்ளிகள் மேல் படுத்துக்கொண்டது,
நீர்க்கணக்கு நொண்டியது.
தலையை மூடினால் கால் தெரிகிற போர்வை.
ஆய்வகத்திலிருந்து இராசி போனில் சொன்னாள்:
பதினொரு சதவீதம்தானே,
உயிருள்ளது என்றால் பிழையும் இருக்கும், எழுதி முடி.

எழுதியும் விட்டேன், பாதி.

பிறகு மணிக்கு மணி பதியும் பெட்டி ஒன்றைப்
பக்கத்துக் கோழி ஆலையில் கடன் வாங்கி மாட்டினேன்.
ராத்திரி இரண்டே கால் முதல் மூன்றே முக்கால் வரை
கோடு பள்ளத்தில் விழுந்தது.
திங்கள். செவ்வாய். புதன்.
ஞாயிறு மட்டும் விழவில்லை.
ஞாயிறு என்றால் என்னவென்று
நுண்ணுயிருக்குத் தெரியாது.

வியாழன் இரவு காரைத் தூரத்தில் நிறுத்தி நடந்தேன்.
மீட்டருக்கு ஒரு முழம் முன்னால், குழாய் வளைகிற இடத்தில்
பித்தளை வால்வு,
அதிலிருந்து பச்சை ஹோஸ்,
சுவரோட்டை வழியே கிழங்கு உரிக்கும் கொட்டகைக்குள்.
இரட்டை அடுப்பு. நீலச் சுடர்.
ஒன்றில் பூண்டு போட்ட பீன்ஸ்,
மற்றதில் வெந்து வாய் பிளந்த மரவள்ளி.
கவிழ்த்த பெட்டிகளில் இரவு ஷிஃப்ட் ஏழு பேர்.
டோர்வலினோ எழுந்து தொப்பியைக் கழற்றினார்.
நெயுசா எழவில்லை. தட்டை நீட்டி,
சாப்பிட்டாயா என்றாள்.

முட்டை அழுகிய வாடை வராதா என்று கேட்டேன்;
வேறெதுவும் கேட்க வாய் வரவில்லை.
டோர்வலினோ ஒரு பெயின்ட் டப்பாவைக் காட்டினார்.
உள்ளே துருப்பிடித்த இரும்புச் சீவல்,
வாயு அதன் வழியாகத்தான் வருகிறதாம்.
என் ஆய்வேட்டின் ஆறாம் அத்தியாயம் அது,
'இனி செய்ய வேண்டியவை' என்ற தலைப்பில்.

விடியும் முன் பழைய மாறிலியைத் திரும்ப வைத்தேன்.
கோடு ஒன்பதில், புள்ளிகள் எட்டில்,
இரண்டும் சரி.
நாளை மேலாளர் அறிக்கை கேட்பார்.
மீட்டருக்கு முன் இழப்பு என்று அடித்தேன்.
இழப்பை அழித்தேன்.
கசிவு. அதையும்.
பயன்பாடு என்று எழுதினால்
ஹோஸை அறுத்துவிடுவார்கள்,
எழுதாவிட்டால் பொய் சொன்னது நுண்ணுயிர் ஆகும்.

வெள்ளைக் கட்டத்தில் குறி கண்சிமிட்டுகிறது.
பூண்டு மணக்கிற விரலால்
எழுதி, அழித்து,
எழுதி